மருந்து அவருக்கு, பத்தியம் எனக்கு

ஆவடியில் ரயிலை விட்டு இறங்கியதும் என் கணவர் முதலில் செய்த காரியம், அந்த ரயிலை அனுப்பி வைத்ததுதான். நான் பெட்டியையும் கூடையையும் தண்ணீர்ச் செம்பையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவர் பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய் நிமிர்ந்து நின்று, முன்னும் பின்னும் பார்த்து, வலது கையை உயர்த்தி அசைத்தார். கடைசிப் பெட்டியில் நின்ற கார்டு ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே தன் பச்சைக் கொடியை இவருக்கு ஆட்டிக் காட்டினார். ரயிலின் வால் மறையும்வரை இவர் அசையவில்லை.

மலாயாவில் இருபத்தாறு வருஷம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். அந்தப் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. மற்றவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் கைதடி. அவருக்கு மறதி தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் குடை, பிறகு மூக்குக்கண்ணாடி, பிறகு நல்லூருக்குப் போகிற வழி. என் தமையன் மகளின் கலியாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து "தம்பி ஆர்?" என்று மூன்று தரம் கேட்டார். பந்தியில் இருந்தவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். யார் அவரிடம் எதைக் கேட்டாலும் அவருக்கு முன்னால் நான் பதில் சொல்லிவிடுவது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மாசி மாதம் அவர் இரண்டு நாள் காணாமல் போய்ச் சாவகச்சேரிச் சந்தையில் கிடைத்தார். அவருடைய தம்பி வந்து எங்கள் பின்னறைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதுக்கு வெளியால ஒரு பூட்டுப் போடுவம். வேற வழியில்லை" என்றார். கெட்ட மனிதர் அல்ல. இரண்டு நாளும் அண்ணனைத் தேடிக் கால் வீங்கியவர் அவர்தான்.

பூந்தமல்லியில் மறதிக்கு மருந்து கொடுக்கிற ஹக்கீம் ஒருவர் இருக்கிறார் என்று சென்னையில் வேலை பார்த்துத் திரும்பிய அயல்வீட்டுக்காரர் சொன்னார். "ஒரு மண்டலம் பொறுங்கோ. சுகமில்லையெண்டால் பூட்டு நானே வாங்கித் தாறன்" என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டுத்தான் கடல் கடந்தேன். நாற்பத்தெட்டு நாள் தவணை.

தங்குவதற்குத் திருமுல்லைவாயிலில் ஓர் அறை சொல்லி வைத்திருந்தது. வீட்டுக்காரி கன்னியம்மா. இரண்டு எருமை, நான்கு காணி நெல், உரத்த குரல். கணவர் வயலிலேயே குடியிருப்பவர்போல் எப்போதாவது கண்ணில் படுவார். ஜட்காவிலிருந்து நாங்கள் இறங்கியதும் கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"எந்த ஊரும்மா நீங்கோ? பேச்சு ஒரு மாதிரியா கீதே."

"யாழ்ப்பாணம். கப்பல்ல வந்து பிறகு கோச்சியில வந்தனாங்கள்" என்றேன். எங்கள் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்போம்.

"அதான பாத்தேன். கொச்சி. மலையாளத்துக்காரங்க. அய்யா மூஞ்சப் பாத்தாலே தெரியுது."

நான் திருத்தப் பார்த்தேன். அதற்குள் அவள் அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். அந்தத் தெருவில் கடைசிவரை நாங்கள் கொச்சிக்காரங்கதான்.

மறுநாள் காலை பூந்தமல்லிக்குப் புறப்பட்டோம். ஜட்காக்காரர் பெயர் காதர். அவர் என் கணவரை நைனா என்று கூப்பிட, இவர் யாரை அழைக்கிறார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆவடி தாண்டிப் பருத்திப்பட்டு ஏரிக்கரை வந்ததும் குதிரை நின்றுவிட்டது. காதர் இறங்கித் தட்டிக் கொடுத்தார், கெஞ்சினார், கடைசியில் அதன் காதில் ஏதோ சொன்னார். குதிரை நகர்ந்தது, ஆனால் பக்கவாட்டில். இடது சக்கரம் சேற்றில் இறங்கிற்று.

"எறங்கிக்கோ நைனா. இந்த மூதேவிக்குத் தண்ணியக் கண்டா காலு நவுராது. பொறந்ததுலேந்து இப்பிடித்தான்."

இறங்கி நின்றோம். ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் குனிந்து பார்க்க வேண்டியது. இப்படி ஒரு தண்ணீர் காவலில்லாமல், வேலியில்லாமல் வெயிலில் காய்ந்துகொண்டிருப்பதை நான் பார்த்ததில்லை. வீடுகளுக்கும் இங்கே வேலி கிடையாது. கைதடியில் பனையோலை வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தாலே அது பெரிய செய்தி. இங்கே ஒருத்தி கோலம் போடுவதும் ஒருத்தி புருஷனைத் திட்டுவதும் ரஸ்தாவில் போகிறவர்களுக்கெல்லாம் பொது.

வயலில் இருந்த இரண்டு பேர் வந்து சக்கரத்தைத் தூக்கினார்கள். என் கணவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார். சேறு முழங்கால்வரை. முகத்தில் நல்ல சந்தோஷம்.

பூந்தமல்லிக் கடைத்தெரு முழுவதும் பூ. மல்லிகையைக் கோணிமேல் குவித்து, படியால் அளந்து கொடுக்கிறார்கள். பள்ளிவாசலைத் தாண்டி ஒரு சந்தில் ஹக்கீம் வீடு. தாடி வெளுத்த ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். இருந்தவருக்கு நாற்பது வயதுகூட இராது. மெலிந்த உடம்பு, பெரிய காதுகள். மிளகு இடித்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து வரவேற்பாக ஏழெட்டுத் தும்மல் தும்மினார்.

"ஒக்காருங்க அய்யா. எங்கேந்து வர்றீங்க?"

"யாழ்ப்பாணம், கைதடி" என்றேன்.

"இன்னா வேலை செஞ்சீங்க?"

"மலாயாவில ஸ்டேசன் மாஸ்டர்" என்றேன்.

"ராத்திரில தூக்கம் வருதா?"

"இரண்டு மணிக்கு எழும்பிடுவார். அவருக்கு மறதி வருத்தம்" என்றேன்.

"மறந்துட்டா வருத்தம் எல்லாருக்கும்தாம்மா. நோவு இன்னான்னு சொல்லுங்க."

எங்கள் ஊரில் நோயைத்தான் வருத்தம் என்போம் என்று விளக்கினேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகும் பசி, மலம், தலைவலி, கண் என்று கேட்டுக்கொண்டே போனார். நானும் சொல்லிக்கொண்டே போனேன். பத்துப் பன்னிரண்டு கேள்விக்குப் பிறகு நிறுத்தி, என் பக்கம் திரும்பினார்.

"வருத்தம் யாருக்கும்மா? அவருக்கா, உங்களுக்கா?"

எனக்கு முகம் சுட்டது. அவர் கோபமாகக் கேட்கவில்லை. "உள்ள போங்க, ஊட்ல கீறாங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க. நாங்க பேசிகினு இருக்கோம்" என்றார்.

ஹக்கீமின் மனைவி மண் குவளையில் தண்ணீர் கொடுத்தாள். சாயபு வீட்டுத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்ததை மறைக்க விரும்பவில்லை. பிறகு குடித்தேன். வெட்டிவேர் போட்ட குளிர்ந்த தண்ணீர். இரண்டாம் குவளை நானே கேட்டு வாங்கினேன். கைதடியில் இதைச் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நடந்தது. ஹக்கீமின் குரல் சின்னதாக ஒன்று கேட்கும். அதன்பின் நெடுநேரம் சத்தமே இராது. இப்போது எழுந்து போய் நானே சொல்லிவிடலாம் என்று கால் துடிக்கும். அப்போது என் கணவரின் குரல் வரும். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, ஆனால் வரும். அரை மணிக்கு மேல் அப்படி நடந்தது.

திரும்பப் போனபோது ஹக்கீம் ஓலைப்பெட்டியைத் திறந்து ஒரு கைப்பிடி இலையை எடுத்து என் முன் வைத்தார். வல்லாரை. எங்கள் கிணற்றடியில் வாய்க்கால் ஓரமெல்லாம் படர்ந்து கிடப்பது. தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் தேசிக்காய் என்கிற எலுமிச்சம் புளியும் சேர்த்துச் சம்பல் போடுவேன்.

"இது எங்கட வீட்டிலயும் நிக்குது" என்றேன். குரலில் ஏமாற்றம் தெரிந்திருக்கும்.

"நிக்கும். எலைக்கு ஊரு தெரியாது. உங்க ஊர்ல இருந்தே துன்னுகினு இருக்கலாம். ஆனா நீங்க கறியா துன்னீங்க. நான் மருந்தா தர்றேன்."

காலையில் வெறும் வயிற்றில் ஒரு பிடி வல்லாரை அரைத்துப் பசும்பாலில். மாலையில் நெல்லிக்காய் அளவு லேகியம். அதில் வல்லாரை, வாலுழுவை அரிசி, வசம்பு, மிளகு, பாதாம், தேன். அந்த இலையை நோயாளியே ஏரிக்குப் போய்த் தன் கையால் பறிக்க வேண்டும். புளி, மிளகாய், அகத்திக்கீரை மூன்றும் கூடாது.

"இதெல்லாம் அவருக்கு மருந்து. பத்தியம் உங்களுக்கு" என்றார்.

"புளியும் மிளகாயும் நானும் விடத்தானே வேணும்."

"அது இல்லம்மா. அய்யாவ யாரு எத்தக் கேட்டாலும் அவரே சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது. பதில் வர்ற வரைக்கும் மனசுக்குள்ள உங்க சாமி பேர நூறு வாட்டி சொல்லிகினு இருங்க. நூறுக்கும் வரலைன்னா இன்னொரு நூறு. அப்பறம் 'ஞாபகம் கீதா, ஞாபகம் கீதா'ன்னு அவரக் கேக்கவே கூடாது. நாப்பத்தெட்டு நாளு. தப்புச்சுன்னா மருந்து ஏறாது."

திரும்பும் வழியெல்லாம் நான் பேசவில்லை. பத்தியத்தால் அல்ல, கோபத்தால். முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவள் நான். அந்த மனிதருக்கு ஒரு தலைகுனிவு வரக்கூடாதென்று நான் நின்று காத்த காவலை நோய் என்று ஒரு சின்னப் பையன் சொல்லிவிட்டான். குதிரை மறுபடியும் ஏரிக்கரையில் நின்றது. அதன் மேலும் கோபம் வந்தது.

முதல் நாட்கள் சாப்பாட்டோடு போராட்டம். புளியும் மிளகாயும் இல்லாத ரசத்தை வைத்துக்கொண்டு இவர், "இது ஆஸ்பத்திரிச் சுடுதண்ணி" என்றார். லேகியத்தில் வசம்பு மணத்தது. "இது குழந்தைப் பிள்ளையளுக்குக் குடுக்கிறதெல்லோ" என்று முகத்தைத் திருப்பினார். கன்னியம்மா ஒருநாள் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து வைத்தாள். புட்டு மாதிரி உதிர்த்துச் சாப்பிடப் பார்த்தார், அது கையை விடவில்லை. "முழுங்கணும் அய்யா, மெல்லக் கூடாது" என்றாள் அவள். அதன்பிறகு அவருக்குக் களிதான் வேண்டும் என்றாயிற்று. இரண்டு மணிக்கு எழுந்திருக்கிற மனிதர் களி சாப்பிட்டு விடியும்வரை தூங்கினார்.

இலை பறிக்கத் திருமுல்லைவாயில் ஏரிக்கரைக்குக் கன்னியம்மாவோடு மூன்று பேரும் போவோம். ஐந்தாம் நாள் நான் மளமளவென்று மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்தேன். இவர் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஆரை" என்றார். "நாலு இலை. வல்லாரை தனி இலை. எல்லாத்தையும் கொட்டும்."

கன்னியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஆரக்கீரதான். அய்யா சரியாச் சொல்றாரு, அம்மாதான் தூக்கத்துல பறிச்சுகினு வந்துகீறாங்க" என்றாள். கொட்டினேன்.

என் பத்தியம் புளியை விடுவதைவிடக் கடினமாக இருந்தது. "சோறு இன்னும் போடவோ?" என்று கேட்பேன். பதில் வராது. முருகா, முருகா என்று மனதுக்குள் தொடங்குவேன். அறுபது, எழுபது. சோறு ஆறும். ஒன்பதாம் நாள் மத்தியானம், தொண்ணூறுக்கு அருகில் போயிருப்பேன், இவர் தட்டைப் பார்த்தபடி பேசினார்.

"அங்க பின்னேரத்தில தேத்தண்ணி ரெண்டு போடுவன்."

எங்கே என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் இருந்தேன்.

"ஈப்போவுக்குக் கிட்ட இருந்தனெல்லோ. அந்தச் சின்ன ஸ்டேசன். அஞ்சு மணி வண்டி போனாப் பிறகு அடுத்த வண்டி எட்டுக்கு. ஆளில்லை. ரெண்டு கோப்பை போட்டு, ஒண்டை எதிர்ல வைப்பன். உமக்கு." சோற்றைப் பிசைந்துகொண்டே, "பிறகு அதையும் நானே குடிப்பன். ஆறிப்போயிருக்கும்" என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் பதினேழு வருஷம் நாங்கள் கடிதத்தில் வாழ்ந்தவர்கள். அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட விடாமல் என்னிடம் இருக்கிறது. தேயிலை விலை, மழை, பதவி உயர்வு எல்லாம் எழுதியிருப்பார். இதை எழுதவில்லை. நான் ஹக்கீம்மேல் வைத்திருந்த கோபம் அந்த மத்தியானத்தோடு போயிற்று.

அந்த ஊர்ச் சிவன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் போனோம். சுவாமி சந்நிதிக்கு முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண் நிற்கிறது. எருக்கஞ்செடி இவ்வளவு பருக்குமா என்று இவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிதாக ஆச்சரியப்பட்டார். முதல் இரண்டு வாரம் "போன கிழமையும் பாத்தனீங்கள்" என்று சொல்ல வந்தது. மூன்றாம் வாரம் நானும் சேர்ந்து அண்ணாந்து பார்த்தேன். உண்மையிலேயே பருத்த தூண்தான்.

இருபத்தாறாம் நாள் அவர் காணாமல் போனார்.

காலை பத்து மணி இருக்கும். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன், அவர் கன்னியம்மாவோடு தொழுவத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னோடு இருக்கிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது எனக்கு முதலில் தோன்றியது ஏரி. வேலியில்லாத அந்தத் தண்ணீர். கரையெல்லாம் ஓடினேன். ஆம்பல் இலையும் எருமைகளும்தான் இருந்தன. கன்னியம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினாள். பூட்டுப் போட்டிருந்தால் இந்த மனிதர் உயிரோடு இருந்திருப்பாரே என்று நினைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்போது ஆவடியிலிருந்து வெறும் வண்டியோடு வந்த காதர் கரையில் நின்று கூவினார்.

"யாரத் தேடுறீங்க? நைனாவா? அவரு டேசனாண்ட போய்கினு கீறாரும்மா. நான் கூப்ட்டேன், டியூட்டிக்கு நேரமாச்சுன்னு சொல்ட்டு நடந்துகினே கீறாரு."

ஏறி உட்கார்ந்தேன். கன்னியம்மா சொட்டச் சொட்ட ஈரப் புடவையோடு ஏறினாள். குதிரை அன்றைக்கு எதற்கும் நிற்கவில்லை.

ஆவடி ஸ்டேசனில் ஒரு கூட்ஸ் வண்டி புகை விட்டுக்கொண்டு பாதி பிளாட்பாரத்தில் நின்றது. இவர் தோளில் போட்டிருந்த சிவப்புத் துண்டை விரித்துக் காட்டி அதை நிறுத்தியிருக்கிறார். காரணம் ஒன்றும் இல்லை. பாதை சுத்தமாக இருந்தது, வண்டி போகலாம் என்று கைகாட்டி இறங்கியிருந்தது. என்ஜின் டிரைவர் கீழே இறங்கிக் கரிக்கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். ஸ்டேசன் மாஸ்டர் முப்பது வயதுத் தெலுங்குக்காரர், வியர்த்திருந்தார். போலீசுக்குச் சொல்ல வேண்டும், ரயிலை நிறுத்துவது குற்றம், தன் வேலைக்கே ஆபத்து என்று டிரைவரிடம் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்ததை, தெலுங்கு தெரிந்த காதர் என் காதில் சொன்னார். நடுவில் என் கணவர் கையில் துண்டோடு நின்றார்.

ஸ்டேசன் மாஸ்டர் என்னைப் பார்த்ததும் இங்கிலீஷில் கேட்டார். "இவர் உங்கள் கணவரா? பைத்தியமா?"

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் எனக்குப் போதும். பதில் முழுவதும் நாக்கில் வந்து நின்றது. மன்னித்துவிடுங்கள், வயதானவர், இவருக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியங்கள். ஆனால் கேள்வி அவரைப் பற்றியது, அவர் பக்கத்திலேயே நிற்கிறார். நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு முருகா என்று தொடங்கினேன். கன்னியம்மா என்னை இடித்தாள். "சொல்லும்மா, இன்னா சும்மா நிக்கிறே." நான் சொல்லவில்லை. நாற்பதைத் தாண்டும்போது அவர் பேசினார். இங்கிலீஷில், வேலை பார்த்த காலத்துக் குரலில்.

"இந்தத் தாமதத்துக்குக் காரணம் நான். டிரைவர்மேல் தவறில்லை, உங்கள்மேலும் இல்லை. எனக்கு மறதி நோய் இருக்கிறது. சில வேளைகளில் நான் இன்னும் வேலையில் இருப்பதாக நினைத்துவிடுகிறேன். வண்டி நின்ற பிறகுதான் இது என் ஸ்டேசன் இல்லை என்று தெரிந்தது. புத்தகத்தைக் கொடுங்கள், எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்."

ஸ்டேசன் மாஸ்டர் அவரையே பார்த்தார். "எங்கே இருந்தீர்கள்?"

அவர் ஸ்டேசன் பெயரைச் சொன்னார். எத்தனை வருஷம் என்றும் சொன்னார். இப்போது திருமுல்லைவாயிலில் எருமைக்காரி வீட்டில் தங்கியிருப்பதையும், மனைவி பயந்துபோய்த் தேடுவாள், ஆள் அனுப்ப முடியுமா என்பதையும் சொன்னார். மனைவி நான்கடி தூரத்தில் நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

புத்தகம் வந்தது. ஏழு நிமிஷத் தாமதம், காரணம் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் ஒருவரின் பிழை என்று, அச்சில் போட்டதுபோல் எழுதிக் கையெழுத்திட்டார். என்ஜின் டிரைவர் அதை எட்டிப் பார்த்தார், படிக்கத் தெரியாதவர்போலிருந்தது. தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு, "சரி பெரீவரே, ஊட்டுக்குப் போ" என்று மட்டும் சொல்லி ஏறினார். கூட்ஸ் புறப்பட்டது. இந்தத் தரம் இவர் கையை உயர்த்தவில்லை. ஸ்டேசன் மாஸ்டர் போலீஸ் பேச்சை எடுக்கவே இல்லை. நாற்காலி போட்டு, எல்லாருக்கும் டீ வரவழைத்தார். மலாயாவில் மழைக்காலத்தில் பாதையை எப்படிக் காப்பார்கள் என்று கேட்டார். இவர் யோசித்து யோசித்துச் சொன்னார். கன்னியம்மா ஈரப் புடவையோடு உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள், இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாமல்.

என்னை அசைத்தது வேறு. எனக்கு மறதி நோய் இருக்கிறது என்று அவர் சொன்னது. அதை அவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருப்பதாகத்தான் நான் இரண்டு வருஷமாக நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் இலை அரைத்துக்கொண்டிருந்தபோது அவரே வந்து பக்கத்தில் இருந்தார்.

"என்னால உமக்குக் கரைச்சலா, தொல்லையா இருக்கோ?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் போயிற்று. "ஓம். சில நேரம் சரியான கரைச்சல்" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார். அம்மிக் குழவியை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தை அவர் அரைத்தார். பாதி இலை தரையில் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் ஸ்டேசனுக்குப் போகாமலில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தரம் நாங்கள் இரண்டு பேருமாகக் காதர் வண்டியில் போவோம். ஸ்டேசன் மாஸ்டர் ஒரு பெஞ்சு காட்டியிருந்தார். அதில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். துண்டு மட்டும் வெள்ளை.

நாற்பத்தொன்பதாம் நாள் ஹக்கீமிடம் போனோம். அவர் இவரை உட்காரவைத்துப் பழைய கேள்விகளையே கேட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஊர் சொன்னார். வேலை சொன்னார். தூக்கம் நல்லது என்றார். கிழமை என்ன என்று கேட்டதற்குத் தவறாகச் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றதற்குக் களி என்றார், இட்லி சாப்பிட்டிருந்தார்.

"போனது திரும்பாதும்மா" என்றார் ஹக்கீம் என்னிடம். "நான் பொய் சொல்ல மாட்டேன். இருக்கறது கொஞ்ச காலம் நிக்கும். எத்தினி காலம்னு எனக்குத் தெரியாது. ஆனா வந்தப்போ அய்யா என் கையப் பாத்துகினு இருந்தாரு. இப்போ மூஞ்சியப் பாக்குறாரு."

"எது வேலை செய்தது? இலையோ, நான் வாய் மூடி இருந்ததோ?"

அவர் காதைச் சொறிந்துகொண்டார். "அதுவும் எனக்குத் தெரியாது. ரெண்டையும் நிறுத்தாதீங்க."

விடைபெறும்போது அவர் மனைவி ஒரு சாண் மல்லிகைச் சரம் கொடுத்தாள். அன்றே மைத்துனருக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். அண்ணர் சுகமாக வருகிறார், முழுச் சுகமில்லை, ஆனால் பின்னறையில் இனி நெல் மூட்டை வைக்கலாம், பூட்டு வேண்டாம் என்று எழுதினேன். அவர் காணாமல் போனால் ரயில் பாதையில் போய்ப் பார்க்கவும் என்று கீழே ஒரு வரி சேர்த்தேன்.

புறப்படுகிற நாள் கன்னியம்மா ஒரு மூட்டை கேழ்வரகு மாவைக் கட்டிக் கொடுத்தாள். "கொச்சில இது கெடைக்காது" என்றாள். கெடைக்காது என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

சென்னைக்குப் போகிற வண்டியில் எங்களுக்கு எதிரில் ஒரு பூக்காரி கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி நகர்ந்ததும் பேச்சுத் தொடங்கினாள்.

"எங்கேந்து வந்துகீறீங்க பெரீவரே? இன்னா சோலியா வந்தீங்க?"

இவர் யோசித்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வயல், பனை, தூரத்தில் ஒரு கோபுரம், எல்லாம் ஓடின. முப்பது, நாற்பது, ஐம்பது.

"இவவுக்கு வைத்தியம் செய்ய வந்தனாங்கள்" என்றார் என் கணவர். "பூந்தமல்லியில. நான் துணைக்கு வந்தனான்."

"அய்யோ பாவம். அம்மாவுக்கு இன்னா நோவு?"

"ஆர் என்ன கேட்டாலும் தானே முந்திக்கொண்டு கதைக்கிறது. நிப்பாட்டேலாது. இரண்டு வருஷமாக் கஷ்டப்பட்டவ." நன்றாக யோசித்து, "இப்ப நல்ல சுகம்" என்றும் சேர்த்தார்.

பூக்காரி என்னைக் கூர்ந்து பார்த்தாள். நான் ஒன்றும் பேசாமல் இருப்பதைக் கண்டு அவளுக்கு நம்பிக்கை வந்திருக்க வேண்டும். "ஆமா, மருந்து நல்லாத்தான் கேட்டுகீது. எங்க ஊட்டுக்காரர அந்த வைத்தியராண்ட இட்டுகினு போவணும்" என்றாள்.

பத்தியம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அம்பத்தூர் வரும்வரை சிரிப்பை அடக்குவதிலேயே எனக்கு நேரம் சரியாகப் போயிற்று.